340-இல் இறங்குகிறது, இளஞ்சிவப்பு வரவில்லை: என்ஏடிஎச் கொடுத்த எலக்ட்ரான் எங்கே போகிறது?

#1 ஏற்காட்டு மிளகு

வணக்கம். ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் நிற்கும் அராபிகா காபி இலை. அளப்பது நைட்ரேட் ரிடக்டேஸ், அதாவது என்ஏடிஎச் தரும் எலக்ட்ரானால் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் நொதி. பறித்த இலையை ஐஸ் பெட்டியில் வைத்துச் சேலத்துக்கு இறக்கி, ஒன்றரை மணி நேரத்துக்குள் அரைக்கிறோம்.

பஃபர்: பொட்டாசியம் பாஸ்பேட் 100 மில்லிமோலார், பிஎச் 7.5, இடிடிஏ 1 மில்லிமோலார், சிஸ்டீன் 5 மில்லிமோலார். 1 கிராம் இலைக்கு 4 மி.லி. அரைத்து, 14,000 ஜி-யில் 15 நிமிடம் சுற்றி, மேல்நீரை எடுக்கிறோம். குவெட்டில் (ஒளியில் வைத்து அளக்கும் சிறு குப்பியில்) மொத்தம் 1 மி.லி.: சாறு 200 மைக்ரோலிட்டர், பொட்டாசியம் நைட்ரேட் 10 மில்லிமோலார், என்ஏடிஎச் 0.2 மில்லிமோலார்.

340 நானோமீட்டரில், அதாவது என்ஏடிஎச் உறிஞ்சும் ஒளியில், உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.052 இறங்குகிறது. நைட்ரேட் போடாத குவெட்டிலும் 0.047 இறங்குகிறது. இரண்டிலும் கோடு 15 நிமிடமும் நேராகவே போகிறது. பிறகு, நைட்ரைட் இருந்தால் இளஞ்சிவப்புச் சாயம் தரும் சல்ஃபனிலமைடு 1 மி.லி., என்இடி 1 மி.லி. சேர்த்தால் 540-இல் வெறும் 0.09.

நொதி வேலை செய்கிறதா இல்லையா? நொதிக்குள் இருக்கும் ஃபிளாவினான எஃப்ஏடி எலக்ட்ரானை வாங்கி, நைட்ரேட்டுக்குத் தராமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறதா?

#2 குவெட்

முதலில் கணக்கு.

என்ஏடிஎச்சுக்கு 340-இல் 6.22, மில்லிமோலாருக்கு ஒரு சென்டிமீட்டரில். 0.052-ஐ 6.22-ஆல் வகுத்தால் 1 மி.லி.யில் நிமிடத்துக்கு 8.4 நானோமோல். 15 நிமிடத்தில் 125 நானோமோல். ஒரு என்ஏடிஎச்சுக்கு ஒரு நைட்ரைட் என்பதால் 125 நானோமோல் நைட்ரைட் வந்திருக்க வேண்டும். 3 மி.லி.யில் அது 42 மைக்ரோமோலார். சாயத்துக்கு 540-இல் சுமார் 53,000 என்று வைத்தால் 2.2 காட்டும். கண்ணாடியில் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். உங்களிடம் 0.09, அதாவது 5 நானோமோல். நூற்றுக்கு நாலு.

நைட்ரேட் உள்ள குவெட்டுக்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் 0.005. அதை மட்டும் நம்பினால் 12 நானோமோல், நிறம் 0.21 வர வேண்டும். அதிலும் பாதியைக் காணோம். ஆக இங்கே திருட்டு இரண்டு. முதலாவது என்ஏடிஎச்சை வேறு யாரோ தின்பது. இரண்டாவது வந்த நைட்ரைட்டும் நிறத்தில் சரியாகத் தெரியாதது.

இன்னொன்று. 0.052-இலிருந்து 0.047-ஐக் கழித்து வந்த 0.005-ஐ ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து நம்பக் கூடாது. மூன்று குவெட்டாவது ஓட்டிவிட்டுப் பேசுங்க.

#3 நாலரைநூறு

"வைத்துக்கொள்கிறதா" என்ற கேள்விக்குப் பதில்: வைத்துக்கொள்ள இடம் கிடையாது. ஒரு எஃப்ஏடி இரண்டு எலக்ட்ரான் மட்டுமே தாங்கும். உங்கள் குவெட்டில் நொதி இருப்பதே நானோமோலார் அளவு. 125 நானோமோல் என்ஏடிஎச் தீர்ந்திருக்கிறது என்றால், ஃபிளாவினோ வேறு எதுவோ வாங்கியதை உடனுக்குடன் இன்னொன்றுக்குத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் யார் வாங்குகிறார்கள் என்பதைத்தான் தேட வேண்டும்.

அதற்கு ஃபிளாவின் ஏன் அங்கே நிற்கிறது என்பது தெரிய வேண்டும். என்ஏடிஎச் எலக்ட்ரானைத் தனியாகத் தருவதில்லை. நிக்கோட்டினமைடு வளையத்தின் கார்பன்-4-இல் உள்ள ஒரு ஹைட்ரஜனை, இரண்டு எலக்ட்ரானோடு சேர்த்து, ஹைட்ரைடாகவே தருகிறது. ஒரே ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டுமானால் சுமார் +0.9 வோல்ட் உள்ள ஆக்சிஜனேற்றி வேண்டும். உயிருள்ள செல்லில் அப்படி ஒருவர் சும்மா நிற்பதில்லை. மறுபக்கம் ஹீம், இரும்பு-கந்தகக் கொத்து எல்லாம் ஒவ்வொரு எலக்ட்ரானாக மட்டுமே வாங்கும். ஹைட்ரைடை அவற்றால் தொடவே முடியாது.

ஃபிளாவினின் ஐசோஅல்லாக்சசின் வளையம் இரண்டுக்கும் பழகும். நிக்கோட்டினமைடு அதன் மேல் தட்டு மேல் தட்டு வைத்தாற்போல் அடுக்கி உட்காரும். கார்பன்-4-க்கும் ஃபிளாவினின் நைட்ரஜன்-5-க்கும் இடையே மூன்று, மூன்றரை ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரைடு நைட்ரஜன்-5-க்குத் தாவும். பிறகு அந்த இரண்டு எலக்ட்ரானும் ஒவ்வொன்றாக வெளியேறும். நடுவில், ஒரே எலக்ட்ரானோடு நிற்கும் நிலை செமிகுவினோன். புரோட்டானோடு இருந்தால் நீலம், 580-620 பக்கம் அகலமாக உறிஞ்சும். புரோட்டான் இல்லாவிட்டால் சிவப்பு. முழுதாக ஒடுங்கினால், அதாவது இரண்டு எலக்ட்ரானும் ஏறினால், 450-இல் உள்ள மஞ்சள் வெளுத்துவிடும்.

நைட்ரேட் ரிடக்டேஸில் வரிசை இது: என்ஏடிஎச், எஃப்ஏடி, பி வகை ஹீம், மாலிப்டினம், நைட்ரேட். என்ஏடிஎச் -320 மில்லிவோல்ட், நைட்ரேட்/நைட்ரைட் ஜோடி +420. மொத்தம் 740 மில்லிவோல்ட் இறக்கம், மோலுக்கு ஏறத்தாழ 143 கிலோஜூல். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மாதிரி இதற்கும் நிறுத்தங்கள் உண்டு. அடுத்தடுத்த நிறுத்தங்களுக்கு இடையே 14 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் போனால் எலக்ட்ரான் நடைமுறை வேகத்தில் தாவாது.

முக்கியமான விஷயம், எந்த நிறுத்தத்திலும் வேறு ஒருவர் கை நீட்டி வாங்கிவிடலாம். ஒடுங்கிய ஃபிளாவினிடம் ஆக்சிஜனும் வாங்கும். அப்போது கிடைப்பது சூப்பர்ஆக்சைடு அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரைட் அல்ல.

#4 கொண்டலாம்பட்டி

மிளகு தம்பி, காபி இலையை, ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி பொடி போடாமல் அரைத்தால் இதுதான் நடக்கும். சாறு பழுப்பாக இருந்திருக்குமே?

காபி இலையில் குளோரோஜெனிக் அமிலம் ஏராளம். அரைத்ததும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்து அதைக் குவினோனாக்கும். குவினோன் என்ஏடிஎச்சிடமிருந்து வாங்கித் திரும்ப ஃபீனாலாகும். அதை நொதி மறுபடி குவினோனாக்கும். செக்கு சுற்றுகிற மாதிரி. கடைசி வாங்குநர் ஆக்சிஜன், அது குவெட்டில் தீராது. கோடு 15 நிமிடமும் நேராக இருப்பதே அதற்குச் சாட்சி. என்ஏடிஎச்சைத் தின்னும் இன்னொரு நொதியான மாலேட் டிஹைட்ரோஜினேஸும் சாற்றில் மிச்சமிருக்கும் ஆக்சலோஅசிட்டேட்டும் காரணமாக இருந்திருந்தால், முதல் ஓரிரு நிமிடம் வேகமாக இறங்கி, ஆக்சலோஅசிட்டேட் தீர்ந்ததும் கோடு மடங்கியிருக்கும்.

பெராக்சிடேஸும் உண்டு. ஃபீனாலும் மாங்கனீசும் கிடைத்தால் அது என்ஏடிஎச் ஆக்சிடேஸ் வேஷம் கட்டும். அதில் ஃபிளாவினே கிடையாது, ஹீம்தான். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் 100 யூனிட் போட்டுப் பாருங்க. இறக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் சந்தேகப்படலாம். ஃபிளாவின் நொதிகளை அடக்கும் டைஃபினைலீன்அயோடோனியம் போட்டு "ஃபிளாவின் நொதிதான்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெராக்சிடேஸ் வேலையையும் அடக்கும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

அடுத்தது ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் இருக்கிற இலை இருட்டில் இருக்கிற இலை. வெளிச்சம் போன சில நிமிடங்களிலேயே நைட்ரேட் ரிடக்டேஸில் பாஸ்பேட் ஒட்டி, அதன் மேல் 14-3-3 என்ற புரதம் உட்கார்ந்து அதை முடக்க ஆரம்பிக்கும். மக்னீசியம் இருக்கிற வரை அது இறங்காது. அப்புறம் நொதிப் புரதமும் மணிக்கணக்கில் சிதையும். சூரியன் ஏறி மூன்று நாலு மணி நேரம் ஆன பிறகு, வெளிச்சத்தில் இருக்கும் இலையைப் பறித்த இடத்திலேயே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். அடிவாரம் வந்து உறைய வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

காபி இலைக்கு என் பஃபர்:
ஹெப்பஸ் 50 மில்லிமோலார், பிஎச் 7.5, இடிடிஏ 5 மில்லிமோலார், டைதயோதிரைட்டால் 5 மில்லிமோலார், எஃப்ஏடி 10 மைக்ரோமோலார், புரதம் சிதையாமல் தடுக்க லியூபெப்டின் 10 மைக்ரோமோலார், பிஎம்எஸ்எஃப் 0.5 மில்லிமோலார்; பிஎம்எஸ்எஃப் அரைக்கும் நேரத்தில் மட்டும், ஏனென்றால் தண்ணீரில் அது நிற்காது. கேசீன் 1 சதவீதம். இலை 1 கிராமுக்குப் பிவிபிபி 0.2 கிராம், முன்னாலேயே பஃபரில் ஊறியிருக்க வேண்டும். உலர்ந்த பொடியைப் போட்டால் அது பஃபரைக் குடித்துவிடும், மிச்சம் ஒன்றும் வராது.

சுற்றிய பிறகு ஜி-25 பத்தி, அதாவது மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் குழாய். 2.5 மி.லி. ஏற்றி, 3.5 மி.லி. வாங்குங்க. ஃபீனால், ஆக்சலோஅசிட்டேட் போன்ற சின்ன மூலக்கூறுகள் பின்தங்கிவிடும். பாலிஃபீனால் ஆக்சிடேஸ் புரதம் என்பதால் உங்களோடு வரும், ஆனால் தின்ன ஃபீனால் இல்லாமல் சும்மா இருக்கும்.

#5 ஏற்காட்டு மிளகு

சாறு பழுப்புதான் சார். பாஸ்பேட்டை விட்டு ஹெப்பஸுக்கு ஏன் மாறச் சொல்கிறீர்கள்? எஃப்ஏடி ஏன் வெளியிலிருந்து போட வேண்டும்? அது நொதியிலேயே இருக்கிறதே.

#6 நாலரைநூறு

இரண்டாவது கேள்வி என் பக்கம். நைட்ரேட் ரிடக்டேஸில் எஃப்ஏடி கோவேலன்ட் பிணைப்பில் இல்லை, இடுக்கில் செருகியிருக்கிறது, அவ்வளவுதான். சாற்றை நீர்த்தாலோ ஜி-25-இல் ஓட்டினாலோ கொஞ்சம் கழன்று போகும். பத்தி ஃபீனாலை நீக்குகிற அதே வேகத்தில் கழன்ற எஃப்ஏடியையும் நீக்கும். அதனால்தான் பத்தியைச் சமன்படுத்தும் பஃபரிலும் 10 மைக்ரோமோலார் இருக்க வேண்டும். அரைக்கும் பஃபரில் மட்டும் போட்டுவிட்டுப் பத்தியில் மறப்பது எல்லா இடத்திலும் நடக்கிற தவறு.

ஆனால் அளவுக்கு மேல் போடாதீர்கள். இலைச் சாற்றில் தனி ஃபிளாவினையே ஒடுக்கும் ரிடக்டேஸ்களும் இருக்கும். ஒடுங்கிய தனி ஃபிளாவின் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடாகும். 50 மைக்ரோமோலார் எஃப்ஏடி போட்டால் நைட்ரேட் இல்லாத குவெட்டில் இறக்கம் கூடும், நீங்கள் ஃபீனாலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வெளிச்சமும் பொல்லாதது. ஃபிளாவினும் இடிடிஏவும் சேர்ந்து ஜன்னல் வெயிலில் இருந்தால், ஒளியில் தூண்டப்பட்ட ஃபிளாவின் இடிடிஏவிடமிருந்தே எலக்ட்ரான் வாங்கி ஒடுங்கும். ஃபிளாவினை வேண்டுமென்றே ஒடுக்க அது ஒரு பழைய உத்தி. நமக்கு வேண்டாத இடத்தில் நடந்தால் தொல்லை. இன்னொரு ஃபிளாவினான எஃப்எம்என்னில் வேகம் அதிகம். எஃப்ஏடியில் அடினின் மேலே மடங்கி ஓரளவு தணிக்கும், ஆனாலும் நடக்கும். ஃபிளாவின் கரைசலை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். வெளிச்சத்தில் நின்ற கரைசல் லூமிகுரோமாகச் சிதைந்தும் போகும்.

அளவைத் தெரிந்து போடுங்கள்: எஃப்ஏடிக்கு 450-இல் 11.3, மில்லிமோலாருக்கு. 10 மைக்ரோமோலார் 0.113 காட்ட வேண்டும். பாட்டிலில் எழுதிய எடையை மட்டும் நம்பினால் ஈரப்பதம் ஏமாற்றும்.

#7 குவெட்

பாஸ்பேட் கேள்விக்கு: பாஸ்பேட் என்ஏடிஎச்சை வேகமாகச் சிதைக்கும். மேலும் வினையை நிறுத்தத் துத்தநாக அசிட்டேட் போடும்போது துத்தநாக பாஸ்பேட் வெள்ளையாகக் கொட்டும்.

இனி இரண்டாவது திருட்டு. என்ஏடிஎச் மிச்சமிருந்தால் டயசோ நிறம், அதாவது அந்த இளஞ்சிவப்பு, மங்கும். உங்கள் குவெட்டில் 15 நிமிடம் கழித்தும் 0.07 மில்லிமோலார் மிச்சம் இருந்தது. சல்ஃபனிலமைடு கலந்த அமிலத்தை அப்படியே ஊற்றாதீர்கள். வினை 1 மி.லி.க்கு 0.5 மோலார் துத்தநாக அசிட்டேட் 125 மைக்ரோலிட்டர். சுற்றி, மேல்நீர் 1 மி.லி. எடுங்க. ஃபெனசீன் மெத்தோசல்ஃபேட் 10 மைக்ரோமோலார் ஆகிற அளவு சேர்த்து 20 நிமிடம் இருட்டில் வையுங்க, மிச்ச என்ஏடிஎச்சை அது தீர்க்கும். அதன் பிறகு 3 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 1 சதவீத சல்ஃபனிலமைடு 1 மி.லி., 0.02 சதவீத என்இடி 1 மி.லி. 20 நிமிடம் கழித்து 540.

சிஸ்டீன், டைதயோதிரைட்டால் இரண்டும் அமிலத்தில் நைட்ரைட்டைத் தின்னும். அதனால் சோடியம் நைட்ரைட் அளவுகோலை வெறும் தண்ணீரில் போடாமல், அதே பஃபரில், அதே துத்தநாகம், அதே ஃபெனசீனோடு போடுங்க. 100 மி.லி.யில் 6.9 மி.கி. என்றால் 1 மில்லிமோலார்.

என்ஏடிஎச் பாட்டிலையும் பாருங்க. அமிலத்தில் நிற்காது, இலேசான காரத்தில் நிற்கும். 1 மி.லி.க்கு 7.1 மி.கி. என்றால் 10 மில்லிமோலார். நூறு மடங்கு நீர்த்தால் 340-இல் 0.622. 260-க்கும் 340-க்கும் விகிதம் 2.3 பக்கம் இருந்தால் புதுசு. 3-ஐத் தாண்டினால் வீசிவிடுங்க. சேலத்து மே மாத வெயிலில் கரண்ட் போய் ஃப்ரீசர் உருகினால் பொடியும் ஈரம் இழுத்துவிடும்.

#8 மரவள்ளி

இதே வியாதி மரவள்ளி இலையிலும். பிவிபிபி போட்டாச்சு, பழுப்பு இல்லை, சாறு பச்சையாகத் தெளிவாக இருக்கிறது. என்ஏடிஎச் இறங்குகிறது, நைட்ரைட் கிட்டத்தட்ட பூஜ்யம். ஃபீனால் கதை இதற்குப் பொருந்தவில்லையே?

#9 நாலரைநூறு

பொருந்தாது. மரவள்ளியில் சயனைடு.

இலையை அரைத்ததும், சயனைடை அடக்கிய லினமரினும் அதை உடைக்கும் லினமரேஸ் நொதியும் ஒன்றோடொன்று சந்திக்கின்றன. வருவது அசிட்டோன் சயனோஹைட்ரின். பிஎச் 7.5-இல் அது தானாகவே உடையும், இலையில் அதை உடைக்கும் நொதியும் உண்டு. ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். அது நைட்ரேட் ரிடக்டேஸை ஒடுங்கிய நிலையில், மாலிப்டினம் பக்கம், இறுக்கிப் பிடிக்கும். எஃப்ஏடியும் ஹீமும் நன்றாகவே இருக்கும். முதல் இரண்டு நிறுத்தமும் ஓடுகின்றன, கடைசி வாசல் மட்டும் பூட்டு.

"ஒடுங்கிய நிலையில்" என்பதுதான் உங்களுக்கு வழி. என்ஏடிஎச் இல்லாத நொதியைச் சயனைடு அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே அரைக்கும் பஃபரில் என்ஏடிஎச்சைப் போடவே கூடாது. அரைத்து, சுற்றி, உடனே ஜி-25. சயனைடு சின்ன மூலக்கூறு, பின்தங்கிவிடும். அதற்குப் பிறகுதான் என்ஏடிஎச். ஏற்கெனவே பூட்டியதைத் திறக்க ஃபெர்ரிசயனைடு உதவும். நொதியை ஆக்சிஜனேற்றினால் சயனைடு பிடியை விடும். 0.3 மில்லிமோலாரில் சில நிமிடம் வைத்து, மறுபடி ஜி-25. ஃபெர்ரிசயனைடு மிச்சமிருந்தால் அதுவே என்ஏடிஎச்சைக் குடிக்கும்.

காற்றை வெளியே இழுக்கும் புகைக் கூண்டுக்குள் அரையுங்கள். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதிக்கும், பிஎச் 7.5-இல் பெரும்பகுதி அந்த வடிவில்தான் இருக்கும். மூடிய சின்ன அறையில் கிலோக்கணக்கில் அரைக்கிற வேலை இல்லைதான், இருந்தாலும் முகத்தை மேலே நீட்ட வேண்டாம்.

#10 கொண்டலாம்பட்டி

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே அறிகுறி, இரண்டு இலை, இரண்டு காரணம். மலைமேல் காபிக்குக் குவினோன், கீழே மரவள்ளிக்குச் சயனைடு. ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று வேண்டுமே? "இருக்கலாம்" என்று சொல்லி நிறுத்த முடியாது.

#11 நாலரைநூறு

இருக்கிறது. எலக்ட்ரானை நடு வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கிப் பார்ப்பது.

ஃபெர்ரிசயனைடு எஃப்ஏடியிலிருந்தே வாங்கும். 0.5 மில்லிமோலார் போட்டு 420-இல் பாருங்கள், மில்லிமோலாருக்கு 1.04. ஒரு என்ஏடிஎச்சுக்கு இரண்டு ஃபெர்ரிசயனைடு. அது ஓடினால் என்ஏடிஎச் பொருந்துமிடமும் எஃப்ஏடியும் நலம்.

சைட்டோகுரோம் சி ஹீமிலிருந்து வாங்கும். ஆக்சிஜனேறிய சைட்டோகுரோம் சி 40 மைக்ரோமோலார், 550-இல் மாற்றம் மில்லிமோலாருக்கு 21. இதற்கும் ஒரு என்ஏடிஎச்சுக்கு இரண்டு. அது ஓடினால் எஃப்ஏடியிலிருந்து ஹீமுக்குப் பாதை திறந்திருக்கிறது.

மாலிப்டினத்தை மட்டும் தனியாகப் பார்க்க என்ஏடிஎச்சை விட்டுவிட்டு டைதயோனைட்டால் ஒடுக்கிய மெத்தில் வயலோஜென் என்ற நீலச் சாயம்; எலக்ட்ரானை அது தரும். டைதயோனைட்டை அன்றைக்கே பைகார்பனேட்டில் கரைக்க வேண்டும். வினையை நிறுத்த நீலம் போகும் வரை குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் டயசோ நிறம் வராது.

சயனைடில் பூட்டிய நொதி: முதலிரண்டும் ஓடும், மெத்தில் வயலோஜென் ஓடாது, ஃபெர்ரிசயனைடில் ஆக்சிஜனேற்றிய பின் ஓடும். செடியை மாலிப்டேட்டுக்குப் பதில் டங்ஸ்டேட்டில் வளர்த்தாலும் முதல் பாதி இதே மாதிரி வரும், ஆனால் அதை எதைப் போட்டும் திறக்க முடியாது. எஃப்ஏடி கழன்ற நொதி: மெத்தில் வயலோஜென் ஓடும், மற்ற இரண்டும் படுத்துவிடும். எஃப்ஏடி சேர்த்து ஐந்து நிமிடம் வைத்தால் ஓரளவு எழும்.

#12 குவெட்

அழகான திட்டம், ஆனால் பச்சைச் சாற்றில், அதாவது சுத்திகரிக்காத சாற்றில், இதைச் செய்து முடிவு எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டைதயோதிரைட்டாலும் சிஸ்டீனும் என்ஏடிஎச் இல்லாமலேயே ஃபெர்ரிசயனைடையும் சைட்டோகுரோம் சி-யையும் ஒடுக்கும். எலக்ட்ரான் வாங்கினால் வெளுக்கும் சாயமான டிசிபிஐபியின் நீலத்தையும் போக்கும். என்ஏடிஎச் போடாத குவெட் கட்டாயம்.

எண்டோபிளாஸ்மிக் வலையில் உள்ள சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸும் எஃப்ஏடி நொதிதான். என்ஏடிஎச்சிடமிருந்து வாங்கி பி5-க்குத் தரும், பி5 சைட்டோகுரோம் சி-க்குத் தரும். 14,000 ஜி-யில் அது அடியில் போகாது. 1,00,000 ஜி-யில் ஒரு மணி நேரம் சுற்றினால் பெரும்பகுதி போகும். மைட்டோகாண்ட்ரியா உடைந்திருந்தால் லிப்போஅமைடு டிஹைட்ரோஜினேஸ் ஃபெர்ரிசயனைடுக்குத் தாராளமாகக் கொடுக்கும். சூப்பர்ஆக்சைடும் சைட்டோகுரோம் சி-யை ஒடுக்கும், அதற்குச் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் போட்ட குவெட் ஒன்று.

எல்லாம் கழித்த பிறகு மிச்சமிருப்பதைத்தான் நைட்ரேட் ரிடக்டேஸ் என்று சொல்ல முடியும். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

#13 நாலரைநூறு

ஒத்துக்கொள்கிறேன், பச்சைச் சாற்றில் முதலிரண்டு சோதனைக்கும் அர்த்தம் குறைவு. நொதியைப் பிடித்து வைக்கும் நீலச் செஃபரோஸ் பத்தியில் ஒருமுறை பிடித்து, கழுவி, என்ஏடிஎச்சால் இறக்கினால் அர்த்தம் வரும். ஆனால் மரவள்ளிக்கு அங்கேயும் பொறி இருக்கிறது: இறக்கும்போது நொதி ஒடுங்குகிறது. சயனைடு முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

மெத்தில் வயலோஜென் சோதனை மட்டும் பச்சைச் சாற்றிலும் ஓரளவு பேசும். மரவள்ளி அதிலிருந்து தொடங்கட்டும்.

#14 செவ்வாய்ப்பேட்டை

குறுக்கே வருகிறேன். இளநிலை மாணவர்களுக்கு "ஃபிளாவின் நடுவில் நின்று மாற்றித் தருகிறது" என்பதைக் கண்ணால் காட்ட எளிய வழி உண்டா? எல்லாப் பாடப்புத்தகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவின் காம்ப்ளெக்ஸ் 1 படம்தான் இருக்கிறது. அதை வைத்து ஒன்றும் செய்து காட்ட முடியவில்லை. திரவ நைட்ரஜனும் கிடையாது.

#15 கொண்டலாம்பட்டி

உண்டுங்க மேடம். மூன்று சோதனைக் குழாய். மூன்றிலும் என்ஏடிஎச் 0.2 மில்லிமோலார், டிசிபிஐபி 50 மைக்ரோமோலார், பிஎச் 7.5. முதல் குழாயில் அவ்வளவுதான்: நீலம் வெகுநேரம் நிற்கும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே குழாயில் இருந்தும் கொடுக்கல் வாங்கல் மெதுவாகத்தான் நடக்கும். இரண்டாவதில் டயஃபோரேஸ் துளி: நீலம் வெளுக்கும். அந்த நொதியும் ஃபிளாவின் நொதிதான். மூன்றாவதில் நொதி இல்லாமல் ஃபெனசீன் மெத்தோசல்ஃபேட் 5 மைக்ரோமோலார்: அதுவும் வெளுக்கும். ஃபெனசீன் வளையமும் ஃபிளாவின் மாதிரியே ஹைட்ரைடை வாங்கும் என்பதை அதை வைத்துப் பேசலாம். பிஎச் 6-க்குக் கீழே போகவிடாதீர்கள், டிசிபிஐபி தானே இளஞ்சிவப்பாகி மாணவர்களைக் குழப்பும்.

காம்ப்ளெக்ஸ் 1-இல் எஃப்எம்என், அதற்குப் பின்னால் ஏழு இரும்பு-கந்தகக் கொத்து வரிசை, கடைசியில் யூபிகுவினோன். ரோட்டினோன் என்ற நஞ்சு அடைப்பது அந்தக் கடைசி வாசலை, எஃப்எம்என்னை அல்ல. அதனால் ரோட்டினோன் போட்ட பிறகும் ஃபெர்ரிசயனைடு சோதனை ஓடும். படத்தில் இதை ஒரு அம்புக்குறியாக வரைந்து காட்டினால் போதும்.

உயிருள்ள இலையில் காட்ட வேண்டுமானால் என்ஏடிஎச் பாட்டிலே வேண்டாம். இலை வட்டு 0.3 கிராம், 5 மி.லி. கரைசல்: பாஸ்பேட் 100 மில்லிமோலார் பிஎச் 7.5, பொட்டாசியம் நைட்ரேட் 50 மில்லிமோலார், புரோப்பனால் 1 சதவீதம். வெற்றிடப் பம்பில் வட்டுகள் மூழ்கும் வரை இழுங்க. காபி இலை தடிமன், இரண்டு தடவை இழுக்க வேண்டும். 30 டிகிரியில் இருட்டில் ஒரு மணி நேரம். செல்லின் சொந்த என்ஏடிஎச்சே நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். இருட்டு ஏன் என்றால் வெளிச்சத்தில் குளோரோபிளாஸ்ட் அந்த நைட்ரைட்டை மேலே ஒடுக்கிவிடும். மூடாமல் காற்றாட விட்டால் மைட்டோகாண்ட்ரியா என்ஏடிஎச்சுக்குப் போட்டிக்கு வரும்.

இதையே ஏற்காட்டில் தோட்டத்து ஓரத்திலும் செய்யலாம், மிளகு தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

#16 குவெட்

மலைமேல் செய்பவர்களுக்கு ஒரு வரி. ஏற்காட்டின் 1,515 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 85 கிலோபாஸ்கல். ஆக்சிஜன் மின்முனையை அங்கே அளவிட்டால் 25 டிகிரியில் 0.258 மில்லிமோலார் என்று போடாதீர்கள், 0.21 பக்கம்தான் வரும். கொதிக்க வைத்துக் கொன்ற சாறு என்று எழுதும்போதும் அங்கே தண்ணீர் 95 டிகிரியில் கொதிக்கிறது என்பதை நினைவில் வையுங்க. ஐந்து நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் வையுங்க.

#17 ஏற்காட்டு மிளகு

செய்து பார்த்தாச்சு. இலை தோட்டத்திலேயே காலை 10 மணிக்குத் திரவ நைட்ரஜனில். கொண்டலாம்பட்டி சார் பஃபர், பிவிபிபி, ஜி-25, பத்தியிலும் எஃப்ஏடி 10 மைக்ரோமோலார். மூன்று மூன்று குவெட்.

நைட்ரேட் இல்லாமல்: 0.006, 0.006, 0.007.
நைட்ரேட்டுடன்: 0.013, 0.013, 0.014.
துத்தநாகம், ஃபெனசீனுக்குப் பிறகு 540-இல் 0.25.

வித்தியாசம் 0.007 என்றால் 15 நிமிடத்தில் 16.9 நானோமோல். நிறத்திலிருந்து, 1.125 மி.லி.யில் 1 மி.லி. எடுத்ததைத் திருத்திய பிறகு, 15.9 நானோமோல். பழைய சாற்றில் கேட்டலேஸ் போட்டதில் இறக்கம் பெரிதாகக் குறையவில்லை. கொதிக்க வைத்த பழைய சாறு மட்டும் 0.011 காட்டியது.

#18 கொண்டலாம்பட்டி

அப்ப பெராக்சிடேஸ் பெரிய ஆள் இல்லை. கொதித்த பிறகும் 0.011 நிற்கிறது என்றால் அது ஏற்கெனவே சேர்ந்திருந்த குவினோன், நொதி இல்லாமலேயே என்ஏடிஎச்சைத் தொடுவது. மிச்ச 0.036 பாலிஃபீனால் ஆக்சிடேஸ் சுற்று என்று வைக்கலாம்.

#19 குவெட்

வைக்கலாம், ஆனால் காட்டவில்லை. பழைய சாற்றைக் குவெட்டில் நைட்ரஜன் ஊதி, ரப்பர் மூடி போட்டு ஒரு ஓட்டம். ஆக்சிஜன் இல்லாமல் இறக்கம் நின்றால் ஒத்துக்கொள்கிறேன்.

புதுச் சாற்றின் 0.006-ஐயும் விடாதீர்கள். எஃப்ஏடி இல்லாத பஃபரில் சமன்படுத்திய பத்தியில் பாதிச் சாற்றை ஓட்டி, இரண்டு குவெட்டையும் பக்கத்தில் வையுங்க. 0.006 குறைந்தால் அது தனி ஃபிளாவின் ரிடக்டேஸ். 0.013 அதைவிட அதிகமாகக் குறைந்தால் உங்கள் நொதி எஃப்ஏடியை உதிர்க்கிறது.

#20 மரவள்ளி

மெத்தில் வயலோஜென்: அப்படியே எடுத்த சாற்றில் ஒன்றுமில்லை. ஃபெர்ரிசயனைடு 0.3 மில்லிமோலார், ஐந்து நிமிடம், ஜி-25-க்குப் பிறகு இளஞ்சிவப்பு தெளிவாக வந்தது. என்ஏடிஎச் இல்லாமல் அரைத்து நேரே பத்தியில் ஓட்டியதில் ஃபெர்ரிசயனைடு போடாமலேயே வருகிறது. டங்ஸ்டேட் தொட்டி இன்னும் இரண்டு வாரம் ஆகும்.